கொத்தாத அம்மி

அம்மி, உரல், உறி, மத்து, முறம், பித்தளைக் கூஜா, அஞ்சறைப் பெட்டி. பெயர்களை இப்படி அடுக்கிவிட்டாலே கவிதையாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக இருக்கிறது. எனக்கும் இந்தச் சாமான்களின் மேல் பிரியம் உண்டு. கூஜாத் தண்ணீரின் ருசியையோ, முறத்தில் அரிசி விழுந்து எழும் சப்தத்தையோ மறுப்பவன் அல்ல நான். ஆனால் ஏக்கம் வேறு, சரித்திரம் வேறு. ஏக்கம் பொருளின் உருவத்தை வைத்துக்கொண்டு, அதைப் பிடித்திருந்த கையை விட்டுவிடுகிறது. செங்கல்பட்டுச் சீமையில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியும்.

முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் முன்னின்று 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் முயற்சி அது. 1996இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வளாக அமைப்பில் லாரி பேக்கருக்குப் பங்குண்டு. இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து தூண் தூணாகத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். இதைச் செய்திராவிட்டால் அந்தத் தூண்களும் கதவுகளும் பழஞ்சாமான் கடைகளில் தனித்தனியாக விலைபோயிருக்கும். ஆகவே இது பெரிய காரியம். ஆனாலும் செட்டிநாட்டு வணிகர் வீட்டு முற்றத்தில் நிற்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. வீடு இருக்கிறது, வீட்டுவேலை இல்லை. புகை இல்லை, ஈரம் இல்லை, விடியுமுன் எழுந்தவளின் தூக்கக் கலக்கம் இல்லை. மியூசியத்தில் இவை இருக்கவும் முடியாது. பார்க்கிறவன்தான் மனசில் நிரப்பிக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் நிரப்புவதில்லை. வெறும் முற்றத்தின் அழகே போதுமானதாக இருக்கிறது.

அதே கடற்கரைச் சாலையில் தெற்கே மாமல்லபுரம் வரை போனால் நிலைமை தலைகீழ். அங்கே சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை, கைகள் மிஞ்சியிருக்கின்றன. கிருஷ்ண மண்டபத்துப் பாறை ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. முன்னால் உள்ள தூண் மண்டபம் விஜயநகர காலத்தில் சேர்த்தது. கிருஷ்ணன் மலையைத் தாங்கி நிற்க, அதன்கீழ் ஒருவன் தன்பாட்டில் பால் கறந்துகொண்டிருக்கிறான். மாடு கன்றை நக்குகிறது. தலையில் சுமையோடும் பானை அடுக்கோடும் ஒரு ஆய்ச்சி. பக்கத்தில், ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள பெரிய சிற்பத் தொகுதியில், கங்கை இறங்கும் பிளவின் அடியில், ஒருவன் தோளில் தண்ணீர்க் குடம் சுமக்கிறான். இன்னொருவன் குளித்த துணியைப் பிழிகிறான். தேவர்களும் யானைகளும் நிறைந்த பாறையில் துணி பிழிகிறவனுக்கு இடம் கொடுத்த சிற்பியின் மனசு பெரியது. அவன் குடத்தை மட்டும் செதுக்கவில்லை, குடத்துக்கு இடங்கொடுத்த தோளையும் செதுக்கினான். இதுவும் அரசவை விரும்பிய ஆயர்பாடி என்று ஆட்சேபிக்கலாம். சரிதான். ஆனால் அந்த ஆயர்பாடியில் கனம் இருக்கிறது.

கல்லில் கை தெரிகிறது, கூலி தெரியவில்லை. அதற்குக் கணக்கு ஏடுகளிடம் போகவேண்டும். 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி ஜாகீராகப் பெற்ற இந்தப் பிரதேசத்தை, தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை அளந்தார். சுமார் 2000 ஊர்களின் கணக்குகள் அதில் சேர்ந்தன. பின்னாளில் தரம்பால் இவற்றைத் தேடிப் படித்து ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். களத்தில் குவிந்த நெல்லை அரசும் உழவரும் பங்கிடுமுன், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் முதலியோருக்குப் பங்கு எடுத்துவைக்கிற வழக்கம் இக்கணக்குகளில் தெரிகிறது. ஆக அடுப்படிப் பானைக்குப் பின்னால் ஒரு நெற்குவியலும், அதில் யாருக்கு எத்தனை படி என்ற ஏற்பாடும் இருந்தன. அதைச் சமூக ஒழுங்கு என்று வியப்பவர் உண்டு. பிறப்பால் கட்டிய கட்டு என்று சொல்பவரும் உண்டு. எப்படியானாலும் 'எளிய பானை' என்று ஒன்று இருந்ததில்லை.

இதைவிடக் கசப்பானது 1891ஆம் வருஷத்துக் குறிப்பு. அப்போது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், ஜில்லாவின் தலித் மக்களின் நிலைமையை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். பிறகு பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஒதுக்கீட்டுக்கு 1892இல் உத்தரவு வர இந்தக் குறிப்பு காரணமாயிற்று. அதில் வந்த முக்கியமான விஷயங்களில் ஒன்று குடியிருக்கும் மனை. குடிசை போட்டிருந்த தரையையும் மிராசுதார் தனது என்று சொல்ல முடிந்தது. எதிர்த்தால் வெளியேற்றவும் முடிந்தது. காலடித் தரையே தன்னுடையதல்ல என்றால், பாட்டி வைத்துவிட்டுப்போன பித்தளைக்கு எங்கே போவது? பழைய வீட்டுச் சாமானின் ஏக்கத்துக்கு முதலில் ஒரு வீடு வேண்டும், அதில் தலைமுறைகள் இருந்திருக்க வேண்டும். நாம் எழுதும் ஏக்கம் எல்லோருடையதும் அல்ல.

வீடு இருந்தவர்களிலும் அரைத்தவள் ஏங்குகிறாளா என்று கேட்கவேண்டும். 2011இல் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது ஏளனம் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்கள் வீட்டில் கிரைண்டர் வந்த நாளிலிருந்து அம்மா ஆட்டுக்கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை வெளியே போடக்கூடாது என்று அடம்பிடித்தது நான். நான் அதில் ஒரு நாளும் மாவாட்டியதில்லை.

அரைக்க அரைக்க அம்மி வழுவழுத்துப்போகும். பிறகு அதில் மிளகாய் வழுக்குமே தவிர அரைபடாது. அதனால்தான் 'அம்மி கொத்தலையோ' என்று கூவிக்கொண்டு உளியும் சுத்தியலுமாக ஒருவர் தெருவில் வருவார். கல்லைப் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டுப் போவார். கல்தூள் அவர் மூக்கிலும், அன்றைய துவையலிலும் இருக்கும். நம் கவிதைகளில் வருகிற அம்மிகள் வெகுநாளாகக் கொத்தாதவை. யார் அரைத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், கொத்தியவருக்குத் திண்ணையில் உட்கார இடம் கொடுத்தார்களா, தண்ணீரை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினார்கள் என்று எழுதுகிறவர் யாராவது வரட்டும்.