நெய் பிஸ்கட்டும் பால்மரமும்: பேராக் அடுப்படியில் ஓர் அளவுமுறை

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ் வீடுகளில் நடக்கும் நெய் பிஸ்கட் தயாரிப்பைக் கண்ணளவுக் கைவேலை என்று ஒதுக்குவோர் உண்டு. ‘மாவு கொள்ளும் மட்டும் நெய்’ என்ற குறிப்பே அவர்கள் காட்டும் சான்று. அதே குறிப்பை வைத்து, அது கறாரான அளவுமுறை என்று வாதிடலாம்.

மூலப்பொருள்கள் மூன்றுதான்: வறுத்த கோதுமை மாவு, நெய், பொடித்த சீனி. தண்ணீர் கிடையாது, சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. மாவிலுள்ள குளூட்டெனின், கிளையாடின் என்னும் புரதங்கள் தண்ணீர் பட்டால்தான் குளூட்டன் வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த வலையை இறுக்குவதில் கந்தகப் பிணைப்புகளுக்குப் பங்குண்டு. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சூடாக்கியபோது நிகழ்ந்ததும், அவர் அறியாமலே, கந்தகப் பிணைப்புதான். ஆக, பிசைந்த சப்பாத்தி மாவும் லாரி டயரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். பேராக், 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் பால்மரக் கன்றுகளை, அதாவது ரப்பர்க் கன்றுகளை, நட்ட மாநிலம். இங்கே காலையில் தோட்டத்தில் பால் வெட்டிய பெண்கள், மாலையில் லயத்து அடுப்படியில் இன்னொரு ரப்பர் உருவாகிவிடாமல் காத்தார்கள். வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்குபோலத் தண்ணீர் இருக்கும். நெய்யில் அநேகமாக இல்லை. மாவுத் துகள் நெய்யைப் பூசிக்கொள்ள, வலை பின்னாது. பிஸ்கட் வாயில் கரையும்.

அளவுக்கு வருவோம். தோட்டத்தில் மெட்ரோலாக் என்னும் மிதவையைப் பாலில் விட்டு ரப்பர்ச் செறிவைப் பார்ப்பார்கள். எண் சொன்னதே தீர்ப்பு. அடுப்படியில் எண்ணை நம்ப முடியாது. ஈப்போவின் நண்பகல் வெயிலில் நெய் இளகிக் கிடக்கும், விடிகாலையில் மணல்மணலாக உறைந்திருக்கும். ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை நிற்காது. வறுத்த மாவில் எவ்வளவு ஈரம் மிஞ்சியது என்பதும் அன்றன்றைக்கு வேறு. எனவே முதன்மை ஆய்வாளரான அம்மா, வேதியியலார் தரம்பார்த்தலில் (titration) செய்வதையே செய்கிறார்: முதலில் தாராளம், பிறகு விரல் நுனியால் சொட்டுச் சொட்டாக. பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அழுத்தினால் ஓரம் வெடிக்கக் கூடாது, உள்ளங்கை எண்ணெயாக மினுங்கக் கூடாது. இம்மூன்றும் கூடுவதே முடிவுநிலை. மாறிக்கொண்டே இருக்கும் பொருளுக்குக் கிராம் கணக்கைவிட இதுவே பொருத்தம்.

கை மாறினால் பதம் மாறுமே என்பது நியாயமான ஆட்சேபம். நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யும் ஆய்வகத்துக்கும் அது பொருந்தும். அங்கே பயிற்சி என்பார்கள். இங்கே அம்மாவின் பக்கத்தில் நின்று உருட்டுவது. மதிப்பீட்டாளர் நாத்தனார், அவரது கறார்த்தனம் எந்த ஆய்விதழுக்கும் குறைந்ததல்ல.

முறையின் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. விளைபொருள் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் டின் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டுகிறார்கள். மறுநாள் நாடா அப்படியே இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் குறைகிறது. பேரப்பிள்ளைகள் எறும்பைக் கைகாட்டுகிறார்கள்.