ஒரு ரூபாய் குறைந்த கணக்கு: பைதான் மொழி மாறிய கதை



2019-ல் தீபாவளிக்கு முந்தின வாரம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் போன் செய்தான். "மாமா, உங்க சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் பழைய பைதான்ல ஓடுது. ஜனவரி ஒண்ணாந்தேதியோட அதுக்கு ஆதரவு நின்னுபோகுது. புதுசுக்கு மாத்திடலாமா, இல்ல இப்படியே ஓடட்டுமா? நீங்கதான் சொல்லணும்" என்றான்.

அப்போது எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு நான் செயலாளர். உறுப்பினர் பட்டியல், சந்தா பாக்கி, யாராவது தவறினால் குடும்பத்துக்குக் கொடுக்கும் நிதியின் கணக்கு, கடித உறைகளில் ஒட்டும் முகவரிச் சீட்டு, எல்லாம் அந்தப் புரோகிராமில்தான் இருந்தன. கணினி மொழி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பதிவேட்டை மூடிவிட்டு இன்னொன்றைத் திறப்பது எப்போது என்ற கேள்வி குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் புதிதல்ல. "முதல்ல அது ஏன் மாறிச்சுன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்" என்றேன். தீபாவளிக்கு வந்தவன் இரண்டு மாலை உட்கார்ந்து சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன். அந்தக் கதை இது.

பைதான் என்றதும் மலைப்பாம்பு என்றுதான் நானும் நினைத்தேன். பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த மான்ட்டி பைதான் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயராம். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக இதை எழுதத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை. 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளியானது. படிக்க எளிதாக இருந்ததால் மெல்ல மெல்ல உலகமெங்கும் பரவியது. 2000 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வந்தது.

இதற்குள் அடித்தளத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கணினிக்கு எழுத்து என்பது எண்தான். அமெரிக்காவில் 1963-ல் வகுத்த ஆஸ்கி என்ற அட்டவணையில் 128 இடங்கள்தான் உண்டு. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி இவற்றுக்கு அது போதும். பிரெஞ்சில் எழுத்தின் தலையில் போடும் சாய்கோட்டுக்கு அதில் இடமில்லை. தமிழுக்குச் சுத்தமாக இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் 1991-ல் வந்தது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழும் இருந்தது.

பைதான் இரண்டாம் பதிப்பு யூனிகோடையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய முறையை விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்பது போல, பழைய வகை எழுத்துச் சரம் ஒன்று, யூனிகோட் வகை ஒன்று. இரண்டும் கலந்தால், பழைய வகையில் இருப்பது ஆங்கிலம்தான் என்று மொழி தானாகவே எண்ணிக்கொள்ளும். ஆங்கிலமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ஒரு பிரெஞ்சு எழுத்தோ தமிழ் எழுத்தோ வந்த இடத்தில் புரோகிராம் நின்றுவிடும். எழுதியவர் மேசையில் நன்றாக ஓடிய புரோகிராம், வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு பெயரில் தடுக்கி விழும்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. எங்கள் பாண்டிச்சேரியில் தெரேஸ் என்ற பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் இரண்டு எழுத்தின் மேல் இரண்டு விதமான கோடு வரும். அந்தப் பெயருள்ள ஒரு அம்மா, எங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவி, கணவர் தவறியபின் எங்கள் பட்டியலில் சேர்ந்தார். முகவரிச் சீட்டு அச்சிடும்போது அவர் பெயரில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இருந்த நாற்பது பேருக்கும் சீட்டு வரவில்லை. மருமகன் போனிலேயே வழி சொன்னான்: கோடு இல்லாமல் தட்டுங்கள். தட்டினோம். சீட்டு வந்தது. அந்த அம்மா அடுத்த கூட்டத்தில் உறையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "ஐயா, இது என் பேரு இல்லையே" என்றார். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சொல்வதெழுதலில் கோடு விட்டால் வாத்தியார் மதிப்பெண் வெட்டிய பள்ளியில் படித்தவன். அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

இந்தக் குறையை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது, அடித்தளத்தையே மாற்ற வேண்டும் என்று கைடோவும் கூட இருந்தவர்களும் முடிவு செய்தார்கள். 2008 டிசம்பர் 3 அன்று மூன்றாம் பதிப்பு வந்தது. இனி எல்லா எழுத்தும் யூனிகோட். கணினி மொழிகளில் பொதுவாகப் புதிய பதிப்பு பழையதையும் படிக்கும். இதில் தெரிந்தே அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். பழைய புரோகிராம்களில் பெரும்பாலானவை புதியதில் அப்படியே ஓடாது.

மாறியவற்றில் வகுத்தலும் ஒன்று. பழையதில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் விடை 2. முழு எண்ணைக் கொடுத்தால் முழு எண்தான் திரும்ப வரும், மீதி போய்விடும். புதியதில் 2.5. பள்ளிக்கூடக் கணக்குக்குப் புதியதுதான் சரி. ஆனால் பழையதை நம்பி எழுதிய கணக்குகள் என்ன ஆகும்? இதை அப்புறம் சொல்கிறேன்.

புதியது வந்தும் ஆட்கள் போகவில்லை. காரணம் சோம்பல் இல்லை. பைதானில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதி வைத்த தொகுப்புகளை எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தொகுப்புகள் மாறாமல் இவர்கள் மாற முடியாது. இவர்கள் மாறாதபோது தொகுப்பு எழுதியவர்களுக்கு அவசரம் இல்லை. விஞ்ஞானக் கணக்குக்கான நம்பை 2010-ல் மாறியது. இணையதளம் அமைக்கப் பயன்படும் ஜாங்கோ புதிய பதிப்பில் ஓடத் தொடங்கியது 2013-ல்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருப்பது போல ஐந்தாறு வருடம் போயிற்று.

இடையில் பாலம் கட்டியவர்களும் உண்டு. பழைய நிரலைப் புதியதாக மாற்றிக் கொடுக்க ஒரு கருவி மொழியோடே வந்தது. இரண்டு பதிப்பிலும் ஓடும்படி எழுத 'சிக்ஸ்' என்று ஒரு தொகுப்பு. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு என்பதால் அந்தப் பெயர். 2012-ல் வந்த 3.3 பதிப்பில், முன்பு நீக்கிவிட்ட ஒரு பழைய குறியீட்டைத் திரும்பவும் அனுமதித்தார்கள். மாறுகிறவர்களுக்கு வேலை குறையட்டும் என்பதற்காகத்தான். விதியை எழுதியவர்களே இறங்கி வந்தது எனக்குப் பிடித்தது.

அதே சமயம் ஒரு விஷயத்தில் இறங்கவில்லை. 2010-ல் வந்த 2.7 தான் பழைய வரிசையில் கடைசி, 2.8 வராது என்று 2011-ல் அறிவித்துவிட்டார்கள். அந்த அறிவிப்பின் எண் 404. இணையத்தில் இல்லாத பக்கத்தைத் தேடினால் வரும் எண்தான். வேடிக்கையாக அதை வைத்திருக்கிறார்கள். 2.7-க்கு 2015 வரை ஆதரவு என்று முதலில் சொல்லியிருந்தது. உலகம் தயாராகவில்லை என்று பார்த்து, 2014-ல் அதை 2020 வரை நீட்டினார்கள். அதன்பின் நீட்டவில்லை.

பெரிய நிறுவனங்கள் அந்தக் காலக்கெடுவுக்குள் மாறின. இன்ஸ்டாகிராம் 2017-ல் மாறியது. கைடோ அப்போது வேலை பார்த்த டிராப்பாக்ஸ், தன் கணினிச் செயலியை 2018-ல் மாற்றி முடித்தது. மின்னூல் படிக்கும் நம்மில் சிலருக்குத் தெரிந்த காலிபர் மென்பொருளை எழுதியவர் ஓர் இந்தியர். பழைய பைதானைத் தானே பராமரித்துக்கொள்வேன் என்று ஒரு சமயம் சொன்னவர். அவரும் 2020 செப்டம்பரில் ஐந்தாம் பதிப்போடு புதியதற்கு வந்துவிட்டார்.

'ஆதரவு முடிகிறது' என்ற சொல்லைக் கேட்டு எங்கள் சங்கப் பொருளாளர் பயந்துவிட்டார். ஜனவரி ஒன்றாம் தேதி காலை புரோகிராம் நின்றுவிடுமா என்று கேட்டார். நிற்காது. அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-ல் நின்றது. நம் தெருவில் இன்னமும் அந்தக் கார் ஓடுகிறது. ஆனால் உதிரிபாகமும் மெக்கானிக்கும் வருடத்துக்கு வருடம் அருகிப்போகும். கணினியில் கூடுதலாக ஒன்று: திருடன் நுழையும் ஓட்டை ஒன்று புதிதாகத் தெரிந்தால் அதை அடைக்க ஆள் வராது. ஆதரவு முடிவது என்றால் இவ்வளவுதான்.

"ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்தணும்?" என்றார் பொருளாளர். ஒருநாளில் மாற்றிவிடலாம் என்றான் மருமகன். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சின்ன வயதில் நான் பார்த்த நயா பைசா நினைவுக்கு வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய் நூறு நயா பைசா ஆயிற்று. பழைய காசை அன்றைக்கே செல்லாது என்று சொல்லவில்லை. இரண்டும் கடையில் சேர்ந்து புழங்கின. நாலணாவுக்கு 25 என்று சரியாக வந்தது. ஓரணாவுக்கு 6.25. அந்தக் கால் பைசா யாருக்குப் போகும்? மாற்றத்தில் சண்டை வருவதெல்லாம் இந்த மாதிரிச் சில்லறையில்தான். 1964-ல் 'நயா' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். ஏழு வருடத்தில் புதுசு பழகிப்போயிற்று.

நான் இருந்த அலுவலகத்தில் கணினி வந்தபோதும் ஆறு மாதம் கைப்பேரேட்டையும் சேர்த்தே எழுதினோம். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துவந்தால் கையெழுத்து. ஒத்துவராவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. அதையே சொன்னேன்: மருமகன் புதியதில் எழுதித் தரட்டும், மூன்று மாதம் இரண்டும் ஓடட்டும், இரண்டின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இரண்டாம் மாதம் சிக்கியது. தவறிய ஓர் உறுப்பினரின் நிதி பத்தாயிரம் ரூபாய். மூன்று பிள்ளைகள் வாரிசு. பழைய புரோகிராம் 3334, 3333, 3333 என்று காட்டியது. வகுத்தலில் மீதியாகும் ஒரு ரூபாயை முதல் வாரிசோடு சேர்ப்பது எங்கள் வழக்கம். புதியது மூன்று பேருக்கும் 3333 என்று காட்டியது. கூட்டினால் 9999. ஒரு ரூபாய் எங்கே? நான் மேலே சொன்ன வகுத்தல்தான். புதியதில் 3333.33 என்று பங்கு முழுசாகப் போய்விட்டதால் மீதி என்று எதுவும் நிற்கவில்லை. அச்சிடும்போது புள்ளிக்குப் பின்னால் உள்ளது விழுந்துவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஒரு சாய்கோடு போட்ட இடத்தில் இரண்டு சாய்கோடு போட்டால் பழையபடி முழு எண்ணாக வகுக்குமாம். மருமகன் ஐந்து நிமிடத்தில் திருத்தினான். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று குறைந்துகொண்டே போயிருக்கும். தணிக்கையில் யார் பதில் சொல்வது?

புதியதிலும் எல்லாம் நிறைவு என்று சொல்ல மாட்டேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பழைய பதிப்பைக் கேட்டால் பொதுவாக 15 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டுகளை. புதியதைக் கேட்டால் 5. நம் வீட்டுக் குழந்தையைக் கேட்டால் 3. இகரக் குறியையும் புள்ளியையும் புதியது தனியாக எண்ணுகிறது. அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் றகரத்தையும் னகரத்தையும் நாம் வைக்கும் இடத்தில் வைக்காது; யூனிகோட் எண் வரிசைப்படி போகும். அதற்குத் தனியாக எழுத வேண்டியிருந்தது. ஆனால் 15-க்கு 5 எவ்வளவோ தேவலை.

2020 மார்ச் முதல் வாரம் பழையதை நிறுத்தினோம். அந்த ஏப்ரலில் பைதான்காரர்களும் 2.7-இன் கடைசி வெளியீட்டைக் கொடுத்துக் கணக்கை மூடினார்கள். மூன்றாம் பதிப்பு வந்ததிலிருந்து எண்ணினால், அதற்கு முழுசாக மாற அவர்களுக்குப் பதினொரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எங்களுக்கு மூன்று மாதம், ஒரு ரூபாய்.

யாராவது என்னிடம் இப்போது கேட்டால் இதைத்தான் சொல்வேன். புதியது என்பதற்காக மாறாதே. பழையதால் யாருக்குக் குறை என்று பார். அந்தக் குறை பழையதில் தீராது என்றால் நாள் குறித்து மாறு. இரண்டையும் சிலகாலம் சேர்த்து ஓட்டு. சில்லறையை எண்ணு.

மூடுவதற்கு முந்தின நாள் புதியதில் முகவரிச் சீட்டு எடுத்தோம். அந்த அம்மாவின் பெயர் இரண்டு கோட்டோடும் வந்தது. அவருக்குப் பின்னால் இருந்த நாற்பது பேருக்கும் வந்தது. அவருடைய உறையைத் தபாலில் போடாமல், சாயந்தரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்துப் பார்த்தார். பிறகு காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.