காவலூர் வானாய்வகத்தில் தலைமுறைகளும் தலைமையும்: 1960–2014

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைச்சாலையில், சாமை விளையும் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு நடுவே காவலூர் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. காவலூரோ வேலூர் மாவட்டத்திலிருந்து 2019இல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மலை ஒன்றுதான், இரவின் இருட்டும் ஒன்றுதான். அந்த இருட்டை நாடித்தான் வானியலாளர்கள் இங்கே வந்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே, 12½ பாகை வட அட்சத்தில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும்.

வெவ்வேறு வயதினரை ஒரே குழுவாக நடத்துவது பற்றிய மேலாண்மை எழுத்துகளில் பெரும்பாலும் தலைமுறைகளின் குணம்தான் பேசுபொருள்: மூத்தவர் இப்படி, இளையவர் அப்படி. காவலூர் வரலாற்றைப் படிக்கும்போது குணத்தைவிட வேலையின் அமைப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு பெரிய தொலைநோக்கியைத் திட்டமிடுவது முதல் அதன் வழியே வானைப் பார்ப்பது வரை பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிடும். தொடங்கியவர் முடிக்கும்வரை இருப்பார் என்ற உறுதி இல்லை.

இதே சிக்கல் காவலூரின் மூதாதையான சென்னை வானாய்வகத்திலும் இருந்தது. வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் வீட்டில் 1786இல் தொடங்கிய அந்த நிலையத்தை 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் நிலைநிறுத்தியது. அங்கே தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். டெய்லர் 1830 முதல் 1848 வரை, பிறகு ஜேக்கப், 1861இலிருந்து நார்மன் போக்சன். உதவியாளரோ மாறவில்லை. இளம் வயதில் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி முப்பதாண்டுகளுக்கும் மேல் அங்கேயே வேலை பார்த்தார். 1867இல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டவர் அவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறுநூலும் எழுதினார். கருவியின் போக்கை மேலதிகாரியைவிட நெடுநாள் அறிந்தவர் அவர்தான். ஆனால் பதவி வேறிடத்தில் இருந்தது. காலனி ஆட்சியில் 'முதல் உதவியாளர்' என்பதே அவர் ஏறக்கூடிய கடைசிப் படி. 1880இல் அவர் இறந்தார். 1891இல் போக்சனும் இறந்தார். சேர்த்துவைத்த விண்மீன் அளவீடுகளின் பல தொகுதிகள் அதன் பின்னரே, அடுத்து வந்த மிச்சி ஸ்மித்தின் கையால் அச்சேறின. அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்ததற்குக் கொடுத்த விலை அந்தத் தாமதம் என்பது என் கருத்து.

1899இல் பணி கோடைக்கானலுக்கு நகர்ந்தது. அங்கே சூரியன்தான் ஆய்வுப்பொருள். ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். ஆனால் அறுபதாண்டு கழித்து அது பழைய கருவிகளோடும் பழகிய கைகளோடும் ஓடிய நிலையமாக இருந்தது. 1960இல் இயக்குநராக வந்த மணலி கல்லாட் வைணு பாப்பு அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளர். ஆகவே வானாய்வகத்தின் படிக்கட்டுகளைக் கீழிருந்து பார்த்து வளர்ந்தவர். ஹார்வர்டில் படித்து, ஒரு வால்மீனுக்கும் ஒரு நிறமாலை விதிக்கும் தம் பெயரைச் சேர்த்துவிட்டு வந்தவர். தம்மைவிட மூத்தவர்கள் நிறைந்த இடத்தில் இளைய தலைவர் ஒருவர் முதலில் என்ன செய்வார்? வெளிநாட்டில் பெரிய கருவிக்கு ஆணை கொடுப்பது எளிய வழி. பாப்பு அதற்குமுன் சிறியதொன்றைச் செய்யவைத்தார்.

காவலூரில் 1968இல் வேலையைத் தொடங்கிய 38 செ.மீ. தொலைநோக்கி கோடைக்கானல் வளாகத்திலேயே உருவானது. உலக அளவில் அது பெரிய கருவியே அல்ல. ஆனால் கோடைக்கானல் பட்டறைக்காரர்களின் பழைய கைத்திறனும் புதிதாக வந்த இளைஞர்களின் இயற்பியலும் சந்திக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. பயிற்சி வகுப்பு தராத சமநிலையை அந்தப் பொருள் தந்திருக்கும். ஆடி சரியாக வரவில்லையென்றால் அங்கே பட்டத்துக்கும் வயதுக்கும் மரியாதை கிடையாது.

இதன் பலன் 1972இல் தெரிந்தது. ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கிய 1 மீட்டர் தொலைநோக்கி அந்த ஆண்டுதான் காவலூரில் நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை அதன் வழியே அளந்து, கானிமீடுக்கு வளிமண்டலம் இருக்கிறது என்ற முடிவுக்குப் பங்களித்தார்கள். விண்மீன் மறைப்பு சில நிமிடங்களில் முடிந்துபோகும். மறுபடி கேட்டால் வராது. புதுக் கருவியோடு அப்படி ஒரு நிகழ்வைப் பிடிப்பது ஏற்கெனவே பழகிய குழுவால்தான் முடியும்.

1977 மார்ச் 10 இன்னும் சுவையானது. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் காவலூரில் எடுத்த பதிவில் எதிர்பாராத ஒளிக்குறைவு இருந்தது. புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அமெரிக்கக் குழுவொன்று விமானத்திலிருந்து எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே அது யுரேனஸின் வளையம் எனத் தெளிவானது. விளக்கம் தவறியது, அளவீடு தவறவில்லை. காவலூர் வானாய்வகத்தை நடத்தும் ஆய்வு நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானியும் அன்றிரவு கருவியருகே நின்றவரும் அக்கட்டுரையில் இணையாசிரியர்கள். ரகுநாதாச்சாரியின் காலத்தை நினைத்தால் இந்த இரண்டு பெயர்கள் கட்டுரையின் உள்ளடக்கத்தைவிட எனக்கு முக்கியமானவை.

பாப்புவின் பெருங்கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்திலிருந்து வந்தது. அதைத் தேய்த்து ஆடியாக்கும் வேலை பெங்களூரில் ஏ.பி.ஜெயராஜனின் ஒளியியல் ஆய்வகத்தில் நடந்தது. இயந்திர உடலைப் புனே மாவட்டத்திலுள்ள வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. ஆடி தேய்ப்பவர்கள், பொறியாளர்கள், வானியலாளர்கள், காவலூரின் இரவுப் பணியாளர்கள் என்று பல பருவத்தினர் ஒரே கருவியில் இருந்தார்கள். 1982 ஆகஸ்ட் 19 அன்று, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த நேரத்தில், மியூனிக்கில் பாப்பு இறந்தார். கருவி முடியவில்லை.

தனி மனிதரின் ஆளுமையால் மட்டும் ஓடிய திட்டமாயிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். பட்டாச்சார்யா பொறுப்பேற்றார். புதிய திட்டமோ புதிய ஆட்களோ தேவைப்படவில்லை. ஆடியைத் தேய்த்துக்கொண்டிருந்த கைகள் தொடர்ந்து தேய்த்தன. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி அதை வைணு பாப்புவின் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணித்தார். தம் காலத்துக்குப் பிறகும் வேலை நடக்கும்படி ஆட்களை அடுக்கிவைத்ததுதான் பாப்புவின் தலைமைத் திறமைக்கு ஆதாரம். திறப்பு விழாப் புகழுரைகளில் இது இடம்பெறுவதில்லை.

அடுத்த இருபதாண்டுகளில் சிக்கல் தலைகீழானது. 1988இல் ஆர்.ராஜமோகன் குழுவினர் 'ராமானுஜன்' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தபோது கையில் இருந்தது ஒளிப்படத் தகடு. இருட்டறையில் தகடு கழுவுவதும் அதில் புள்ளி தேடுவதும் மூத்தவர்களின் கலை. சிசிடி எனும் மின்னணு உணரிகளும் கணினியும் வந்ததும் இளையவர் கற்றுக்கொடுக்க மூத்தவர் கற்கவேண்டியதாயிற்று. ஆனால் எந்த மாதத்தில் மழைமேகம் எத்திசையிலிருந்து ஏறும், குவிமாடத்தை எப்போது மூடவேண்டும் என்பதைக் கணினி சொல்லவில்லை. ஆகவே இரண்டு அறிவும் ஒரே இரவில் தேவைப்பட்டன.

இந்த இரண்டு காலங்களையும் கடந்தவர்களும் இருந்தார்கள். பாப்புவின் காலத்து மாணவர்களில் ஒருவரான என்.காமேஸ்வர ராவ் 2005 வாக்கில் பாப்பு தொலைநோக்கிக்கு ஒளியிழை வழியே ஒளியைப் பெறும் எஷல் நிறமாலைமானியை அமைத்த குழுவிலும் இருந்தார். பின்னாளில் நிறுவனத்தின் நூலகர்களான ஏ.வாகீஸ்வரி, கிறிஸ்டினா பேர்டி ஆகியோரோடு சேர்ந்து ரகுநாதாச்சாரியின் பணிகளை ஆவணங்களிலிருந்து மீட்டு எழுதியவரும் அவர்தான்.

2014இல் நிறுவப்பட்ட 1.3 மீட்டர் தொலைநோக்கிக்கு பட்டாச்சார்யாவின் பெயர். இதற்குள் லடாக்கின் ஹான்லேயில் நிறுவனம் நிறுவிய 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகேயுள்ள ஹொசகோட்டேயில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்கும் முறை பழக்கமாகிவிட்டது. அங்கே ஆய்வு மாணவரும் கருவியருகே நிற்பவரும் ஒரே அறையில் இருப்பதில்லை. காவலூரிலோ இன்றும் இரவு முழுதும் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் விழித்திருக்கிறார்கள்.