நடைபவனிக்கு முன்னர் கொஞ்சம் சப்பாத்து வரலாறு



அன்பான பெற்றோர்களே, பழைய மாணவர்களே,

அடுத்த மாத நடைபவனிக்குப் பிள்ளைகளுக்கு என்ன சப்பாத்து வாங்குவது என்று பலர் கேட்கிறீர்கள். பதில் சொல்வதற்கு முன் போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அது எங்களுடைய தவறு.

எல்லோரும் வெள்ளைச் சப்பாத்துடன்தான் வரவேண்டும் என்று ஆசிரியர்களாகிய நாங்கள்தான் அறிவித்தோம். படத்தில் வரிசை அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. 12 கிலோமீற்றர் நடந்து மைதானத்துக்கு வந்ததும் தரம் 7 மாணவி ஒருவர் நொண்டுவதைக் கண்டோம். சப்பாத்தைக் கழற்றினால், மேஸ் குதிக்காலோடு இரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது. அது அவளுடைய சப்பாத்து அல்ல. சாச்சியின் மகளிடம் இரவல் வாங்கியது, ஓர் அளவு சிறியது. அவளுக்குச் சரியாகப் பொருந்தும் கறுப்புச் சப்பாத்து வீட்டில் இருந்திருக்கிறது. ஏன் அதைப் போடவில்லை என்று கேட்டோம். "வெள்ளதான் போடணும் எண்டு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள்.

அந்தப் பதில் எங்களை விடவில்லை. நீண்ட தூரம் நடந்தவர்களின் கால்களைப் பற்றி வரலாறு என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தோம்.

எங்களில் பலருக்குத் தெரிந்த ஒரு செய்தி தாதுர் ரிகாஉ பயணம். ஆறு பேருக்கு ஓர் ஒட்டகம், முறை வைத்து ஏறினார்கள், மற்ற நேரமெல்லாம் நடை. கால்கள் புண்பட்டன, தன் நகங்களே விழுந்துவிட்டன என்று அபூ மூஸா அல் அஷ்அரீ (ரழி) அறிவித்திருக்கிறார்கள். கால்களில் கந்தல் துணிகளைச் சுற்றிக்கொண்டு நடந்ததால்தான் அந்தப் பயணத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்களுக்குத் தெரிவு செய்ய எதுவும் இருக்கவில்லை. எங்களுக்கு இருந்தது.

காலுக்கேற்ற சப்பாத்து என்ற எண்ணமே உலகில் தாமதமாகத்தான் வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல சப்பாத்துகள் இடது, வலது வித்தியாசம் இல்லாமல் ஒரே மர அச்சில் தைக்கப்பட்டன. நடந்து நடந்து காலே அதைத் தன் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு அதிக விலை கொடுத்தவர்கள் படைவீரர்கள். அமெரிக்க இராணுவத்தில் எட்வர்ட் முன்சன் என்ற வைத்தியர் இருந்தார். அவருடைய குழு நான்கு வருடங்களாக ஏறத்தாழ 2,000 வீரர்களின் கால்களை ஆராய்ந்தது. கடையில் அழகாகத் தெரியும் ஒடுங்கிய முனைச் சப்பாத்து மனிதக் காலின் வடிவமே அல்ல என்று கண்டார்கள். உள்பக்கம் நேராகவும் விரல்பக்கம் அகலமாகவும் ஒரு புதிய அச்சைச் செய்தார்கள். 1912இல் இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் சில சப்பாத்துகள் முன்சன் அச்சில்தான் தைக்கப்படுகின்றன.

எங்களைத் தொட்டது அந்த அச்சு அல்ல, அதோடு வந்த கட்டளை. வீரன் முதுகில் 40 இறாத்தல் சுமையோடு, முழுப் பாரத்தையும் ஒரு காலில் வைத்து நிற்கும்போதுதான் அந்தக் காலை அளக்கவேண்டும். ஏனென்றால் சுமை ஏறினால் கால் நீண்டு அகலும். புதிய சப்பாத்தை அணிந்து இரண்டரை அங்குலத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நின்று, பிறகு அது காலிலேயே காயும்வரை நடந்து பழக்கவேண்டும். இவற்றைச் சரியாகச் செய்விப்பது வீரனின் பொறுப்பல்ல, அவனுடைய கட்டளை அதிகாரியின் பொறுப்பு. நடக்கச் சொன்னவரே காலுக்கும் பொறுப்பு.

இன்னொரு செய்தி 1960 ரோம் ஒலிம்பிக். எதியோப்பியாவின் அபேபே பிகிலாவுக்கு அங்கே கிடைத்த புதிய சப்பாத்துகள் வசதியாக இருக்கவில்லை. பழகியபடி வெறுங்காலுடன் மரதன் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் வென்றார். வெறுங்கால்தான் சிறந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. காலுக்குப் பழகாத ஒன்றை முக்கியமான நாளில் அவர் போடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வருடம் நிற விதி கிடையாது. நடைபவனிக்காகப் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம். பிள்ளை தினமும் போட்டு நடக்கும் சப்பாத்தோ, பின்பட்டி உள்ள செருப்போ போதும். பாட்டாவைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அது கழன்று போகாமல் விரல்களால் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டும், அவ்வளவு தூரத்துக்குச் சரிவராது.

வாங்கியே ஆகவேண்டியவர்கள், கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பார்க்கவேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழகட்டும். வளர்கிற கால்தானே என்று பெரிய அளவு வாங்கினால், உள்ளே கால் வழுக்கி அதுவும் கொப்புளம் போடும். நீரிழிவு உள்ள வாப்பாமார், உம்மாமார் நடக்க வருவதானால், சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சிறு கல்லும் தெரியாமல் புண்ணாக்கும்.

நடைபவனிக்கு முந்திய வாரம் வகுப்பு வகுப்பாக எல்லாப் பிள்ளைகளின் சப்பாத்தையும் நாங்களே பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். பொருத்தமானது இல்லாத பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். சென்ற வருடம் இரவல் சப்பாத்தில் நடந்த அந்த மகள் இம்முறை தன்னுடைய கறுப்புச் சப்பாத்தில் நடப்பாள்.