பஸ்ஸில் போன தகவல்

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதாலோ என்னவோ, 'டாக்நெட்' என்ற பெயரைப் படித்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. இந்தியில் டாக் என்றால் தபால்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உருவாக்கிய ஏற்பாடு இது. 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகாவின் தொட்டபள்ளாபூர் பகுதியில் அரசு பஸ் ஒன்றில் வைஃபை கருவியைப் பொருத்தினார்கள். கிராமத்துக் கணினி மையத்தின் பக்கம் பஸ் வந்ததும், அங்கே சேர்ந்திருக்கும் மனுக்களைக் கருவி தானாகவே வாங்கிக்கொள்ளும். தாலுகா தலைநகர் போனதும் இறக்கிவிட்டு, பதிலை வாங்கி வரும். 'பூமி' திட்டத்தின் நிலப் பதிவேட்டுத் தகவல் கிராமத்துக்கே வந்தது. நாங்கள் மெயில் பையை பஸ்ஸில் ஏற்றிய மாதிரிதான். பை மட்டும் கண்ணுக்குத் தெரியாது. கம்போடியாவின் ரத்தனகிரியில் இதே வேலையை மோட்டார் சைக்கிள்கள் செய்தன.

இதன் வேர் இன்னும் பழையது. போர்க்களத்தில் டவர் நட முடியாது, படை நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அமெரிக்க ராணுவ ஆய்வு நிறுவனம் 1973 வாக்கில், ரேடியோ கருவிகளே செய்தியைக் கைமாற்றும் வலையைத் தொடங்கியது. 1976 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு வேனோடு இணைத்த கருவி, அந்த வலை வழியாக ஆர்ப்பாநெட்டுக்கே செய்தி அனுப்பியது.

ஆளுக்கு ஆள் நகரும்போது வழி கண்டுபிடிப்பதுதான் சிக்கல். 2003 ஜூலையில் வெளியான ஏ.ஓ.டி.வி. என்ற விதிமுறை, புது ஊரில் விலாசம் விசாரிப்பதைப் போன்றது. ஒரு கருவி பக்கத்துக் கருவியைக் கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால் அது அடுத்ததைக் கேட்கும். வழி தெரிந்ததும் பதில் வந்த பாதையிலேயே திரும்பி வரும். நடுவில் ஒருவர் விலகிவிட்டால் மறுபடியும் விசாரணை.

செல்போன் டவர் ஊரெங்கும் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல ஊர்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் என் தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

இன்றைக்கு டவர் இல்லாமல் புளூடூத் வழியாகப் போனுக்குப் போன் செய்தி கடத்தும் செயலிகள் உண்டு. ஆனால் தூரம் சில பத்து மீட்டர்தான். தெருவுக்கு நாலு பேர் போனிலாவது அது இருக்க வேண்டும், சார்ஜும் இருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு தரவிறக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரையும் போடச் சொல்லுங்கள்.