பூட்டில்லாப் பொது நினைவகம்

கண்மாய்ப் பாய்ச்சலில் ஒருவர் வயலுக்கு முறைத் தண்ணீர் பாய்ந்து முடியும்வரை அடுத்தவர் வரப்பில் காத்திருக்கும் வழக்கத்தை அறிந்த புதுக்கோட்டைச் சீமையாருக்கு, கணிப்பொறியின் பொது நினைவகத்தில் பல செயலிகள் ஒரே காலத்தில் எழுதப் புகும்போது ஒன்றை அனுமதித்து மற்றவற்றை நிறுத்தும் ‘பூட்டு’ என்னும் ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

இக்காத்திருப்பைப் போக்க 1993இல் மாரிஸ் ஹெர்லிஹியும் எலியட் மாஸும் வெளியிட்ட யோசனை, என் அபிப்பிராயத்தில், அபூர்வமான சௌந்தரியம் உடையது: ஒவ்வொரு செயலியும் பூட்டின்றியே காரியத்தைத் தொடங்கி, மாற்றங்களைத் தன்னுள் இருக்கும் கேஷ் நினைவகத்தில் மறைவாக வைத்துக்கொண்டு, தான் கையாண்ட இடத்தில் பிறிதொன்று குறுக்கிடாவிட்டால் யாவற்றையும் ஒரே கணத்தில் பகிரங்கமாக்கும், குறுக்கிட்டாலோ, எழுதியதனைத்தையும் விலக்கி ஆதியிலிருந்து முயலும். ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு 100 ரூபாய் மாற்றுகையில், இங்கே கழிந்து அங்கே சேராத இடைநிலையை எச்செயலியும் காண இயலாது.

டாம் நைட் 1986லேயே இதற்கு நெருங்கிய கருத்தொன்றை எழுதியிருந்தார். 2001இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரவி ராஜ்வாரும் ஜேம்ஸ் குட்மனும், பழைய நிரல்களின் பூட்டுகளைத் திருத்தாமலே வன்பொருள் அவற்றைக் கடந்து செல்லும் உபாயம் கண்டனர். ஹெர்லிஹி, மாஸ் யோசனையைத் தாங்கி வரவிருந்த சன் நிறுவனத்தின் ராக் சில்லு சந்தைக்கு வராமலே கைவிடப்பட, ஐ.பி.எம்.மின் ப்ளூ ஜீன் க்யூ மகாகணினி அவ்வசதியோடு வந்தது. 2013இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் சில்லு மேசைக் கணினிக்கும் அதனைக் கொணர்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டிலேயே அச்சில்லில் அவ்வசதி பிழை கண்டு முடக்கப்பட்டது. 2019இல் இதன் வழியே ரகசியத் தரவு கசியக்கூடும் என்பதும் வெளிப்பட்டது. இத்தனை நேர்த்தியான கருத்து இவ்வாறு நலிந்தது எனக்கு மெய்யாகவே துக்கம் தருகிறது. ஐ.பி.எம்.மும் தன் பவர்10 செயலியிலிருந்து இதனை நீக்கிவிட்டது.