விழுந்த புல்லட்டைத் தூக்குவது எப்படி? ஒரு சின்ன வரலாறு

"புல்லட் ஓட்டத் தெரியுமா?" என்று எங்கள் காலத்தில் யாரும் கேட்டதில்லை. "விழுந்தா தூக்கிடுவியா?" என்றுதான் கேட்பார்கள். வண்டி வாங்க ஆசைப்படும் பையனிடம் அப்பா கேட்பார். பெண் கொடுக்கப் போகிற மாமனார் கேட்பார். ஒன்றுமே சம்பந்தமில்லாத டீக்கடைக்காரரும் கேட்பார். கிராமங்களில் கோயில் திடலில் இளவட்டக்கல் என்று ஒரு உருண்டைக் கல் கிடக்குமே, அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவன்தான் ஆம்பளை என்பார்களே, அதே நினைப்புத்தான் இதற்கும். தூக்க முடியாதவனுக்கு அந்த வண்டி இல்லை.

இந்தக் கேள்வி நம்மை எப்படியெல்லாம் ஆட்டி வைத்தது என்பதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. என் வயதுக்காரர்கள் பலர் இன்னும் புல்லட் வைத்திருக்கிறீர்கள். கடைசியில் உங்களுக்கும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில் வண்டி வந்த கதை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். தையல் ஊசிக்குப் பெயர் போன ஊர் அது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் பூர்வீகமே ஊசி செய்த பட்டறைதான். ஊசியில் தொடங்கி, சைக்கிளுக்கு வந்து, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்தார்கள். 'புல்லட்' என்ற பெயரை 1932இல் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்துக்கு எல்லைப் பகுதிகளில் ஓட்ட ஒரு கெட்டியான வண்டி தேவைப்பட்டது, புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினார்கள், சில வருஷங்களில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் தொழிற்சாலையை 1967இல் மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் மட்டும் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. தாய் வீடு போய்விட்டது, பெண் வாழ வந்த வீட்டில் நின்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புல்லட் பெட்ரோல் இல்லாமலே 160 கிலோவுக்கு மேல். போலீஸ் இன்ஸ்பெக்டர்கள், மிராசுதார்கள், பால்காரர்களில் வசதியானவர்கள், எங்களைப் போல் ரோடு ரோடாகச் சுற்ற வேண்டிய துறைக்காரர்கள், இவர்களிடம்தான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் தை மாசி மாதங்களில் ரோட்டிலேயே கதிரைப் பரப்பி வைத்திருப்பார்கள், வருகிற போகிற வண்டி ஏறி நெல் உதிரட்டும் என்று. பஸ்ஸுக்கு அது பிரச்சினை இல்லை. இரண்டு சக்கரத்துக்கு வைக்கோல் என்பது எண்ணெய் தடவிய தரை மாதிரி. விழாதவர் கிடையாது. விழுந்ததும் வயலில் நிற்கிற நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் ஹேண்டிலைப் பிடிப்பார், ஒருவர் பின் சீட்டுக் கம்பியைப் பிடிப்பார், ஒருவர் "ஏலேசா" போடுவார், ஒருவர் "பாத்து, பாத்து" என்பார். வண்டி நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கனம்தான் தொல்லை என்பது வண்டி செய்கிறவர்களுக்கும் தெரியாமல் இல்லை. அதே ரெட்டிச் கம்பெனி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு வண்டியைச் செய்தது. அந்தக் கதை அதிகம் பேருக்குத் தெரியாது, சொல்லத்தான் வேண்டும்.

ஹாலந்தில் ராட்டர்டாமில் ஒரு கம்பெனி ஜெர்மானிய டி.கே.டபிள்யூ. வண்டிகளை விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியை நடத்தியவர்கள் யூதர்கள் என்பதால் நாஜிகள் காலத்தில் அந்த ஏஜென்சி பறிபோனது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. நேரே ராயல் என்ஃபீல்டிடம் போய், அந்தச் சின்ன ஜெர்மன் வண்டியைப் போலவே ஒன்று செய்து தரக் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 125 சி.சி. குட்டி வண்டி. போர் வந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் அதைப் பிடித்துக்கொண்டது. இரும்புக் குழாயால் செய்த ஒரு கூண்டுக்குள் வைத்து, பாராசூட் கட்டி, விமானத்திலிருந்து கீழே போட்டார்கள். கூண்டுக்குள் அடங்கும்படி ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம். 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்று பெயர். பறக்கும் தெள்ளுப்பூச்சி! 1944இல் அர்ன்ஹெம் சண்டைக்கு வானத்திலிருந்து இறங்கிய படையோடு இதுவும் போனது.

எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 59 கிலோ. வழியில் வேலி வந்தால், பள்ளம் வந்தால், இரண்டு சிப்பாய்கள் சேர்ந்து அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். அதாவது, தூக்க முடியவில்லையா, தூக்கக்கூடிய வண்டியாகச் செய்துவிடு என்பது ஒரு வழி. சண்டைக்கு அது சரிப்பட்டது. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு வாழைத்தார், ஒரு மூட்டை உரம் என்று ஏற்றிக்கொண்டு போகிற நம் ஊருக்குச் சரிப்படுமா? அதனால் கனமான வண்டி கனமாகவே இருந்தது. 1990களில் டீசல் புல்லட் வேறு வந்து அதற்கும் மேல் கனத்தது. மைலேஜுக்காக அதை வாங்கிய விவசாயிகள் நம் பக்கத்தில் நிறைய. இன்றைக்கு வருகிற கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ.

இன்னொரு வழி, தூக்குகிற விதத்தை மாற்றுவது. அதை எனக்குக் காட்டியவர் கும்பகோணத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். பட்டாளத்தில் இ.எம்.இ. பிரிவில் வேலை பார்த்து வந்தவர். ஆள் ஒல்லி, 50 கிலோ தாண்டமாட்டார். 1978 அல்லது 79 இருக்கும். எங்கள் ஏ.இ. வண்டி பட்டறை வாசலிலேயே சாய்ந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர் குனிந்து கை வைக்கப் போனோம்.

"சார், கைய எடுங்க. இடுப்பு போயிரும்" என்றார். வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அப்படியே சீட்டின் விளிம்பில் பின்பக்கத்தை அழுத்தி உட்கார்ந்தார். ஒரு கையால் கீழே கிடந்த ஹேண்டில் பிடியை, இன்னொரு கையால் சீட்டுக்குக் கீழே பிரேமை. காலால் தரையை உதைத்து, பின்னாலேயே சின்னச் சின்ன அடியாக நடந்தார். வண்டி எழுந்து நின்றது. எங்களிடம் திரும்பி, "நெல் மண்டியில மூட்டை தூக்குறவன் கையாலயா சார் தூக்குறான்?" என்று கேட்டார்.

உண்மைதானே. நெல் மண்டியில் லோடுமேன் மூட்டையைக் கையால் தூக்குவதில்லை. முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, பாரத்தை வாங்கிக்கொண்டு தொடையால் எழுகிறான். நூற்றாண்டுகளாக நம் கண்ணெதிரே நடக்கிற வித்தை. வண்டிக்கு அதைப் பொருத்திப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இளவட்டக்கல் ஞாபகம் கண்ணை மறைத்துவிட்டது.

இதில் கணக்கும் இருக்கிறது. படுத்துக் கிடக்கிற வண்டியின் டயர் தரையை விட்டு நகராது, அதுதான் கீல். கதவு கீலில் திரும்புவது போல வண்டி டயரில் திரும்பி எழுகிறது. அதனால் முழு எடையையும் நாம் தூக்குவதில்லை, ஏறக்குறைய பாதிதான். அதுவும் தரையிலிருந்து கிளம்புகிற முதல் ஒரு அடியில்தான் அந்தப் பாரம். மேலே வர வர குறைந்துகொண்டே போய், நேராக நிற்கும்போது இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளலாம். நம் ஊர் வண்டிகளில் கிராஷ் கார்டு போட்டிருப்பதால் முழுசாகப் படுப்பதும் இல்லை, அந்த முதல் அடியில் கொஞ்சத்தை அதுவே தாங்கிக்கொள்கிறது. முகத்தை வண்டிக்குக் காட்டிக் குனிந்து தூக்கினால் அந்த முதல் அடியின் பாரம் முழுவதும் நடுமுதுகில் இறங்கும். திரும்பி உட்கார்ந்தால் தொடையில் இறங்கும். வித்தியாசம் இவ்வளவே.

இதே விஷயம் ஜப்பானில் ஒரு சட்டப் பிரச்சினையாகவே இருந்தது. அங்கே 1975இல் லைசென்ஸ் விதியை மாற்றினார்கள். 400 சி.சி.க்கு மேல் ஓட்ட வேண்டுமானால் தனிப் பரீட்சை. 200 கிலோவைத் தாண்டும் 750 சி.சி. வண்டி. பரீட்சையில் ஓட்டிக் காட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை வைத்தார்கள். படுக்கப் போட்டிருக்கும் வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும், எட்டு போலத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும். இதில் தவறினால் வண்டியில் ஏறவே விடமாட்டார்கள். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறவரானாலும் சரி, வீட்டுக்குப் போகலாம். இளவட்டக்கல்லைச் சர்க்காரே நட்டு வைத்த மாதிரி! குள்ளமானவர்களும் பெண்களும் அதில் அதிகம் அடிபட்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் மறுபடி விதி மாறி, பெரிய வண்டி லைசென்ஸை டிரைவிங் ஸ்கூலிலேயே படித்து வாங்கலாம் என்று ஆனது. இப்போதும் அங்கே வண்டியைத் தூக்கச் சொல்கிறார்கள். ஆனால் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதற்காக அல்ல. முதல் வகுப்பிலேயே எப்படித் தூக்குவது என்று சொல்லிக் கொடுத்துத் தூக்க வைக்கிறார்கள். எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடித்திருக்கிறது. கேள்வி அதேதான், கேட்கிற தொனி மாறிவிட்டது.

நம் நாட்டிலும் 2018 குடியரசு தின அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பெண்கள் அணி புல்லட்டில் சாகசம் செய்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துக் கை தட்டிய அதே மனிதர்கள்தான் வீட்டில் பெண் புல்லட் கேட்டால் பழைய கேள்வியைக் கேட்கிறார்கள். என் பேத்தி கேட்டபோது என் மருமகனும் கேட்டார், "விழுந்தா தூக்குவியாம்மா?" நான் ஒன்றும் பேசவில்லை. கொல்லையில் இரண்டு சாக்கை விரித்து, பெட்ரோல் குழாயை மூடி, என் பழைய வண்டியை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். மெக்கானிக் காட்டியதை அவளுக்குக் காட்டினேன். இரண்டு முறை சறுக்கினாள், செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டுக்கொண்டு வந்தாள், மூன்றாவது முறை வண்டி நின்றது. "நீங்க ஒரு தடவை தூக்குங்கப்பா" என்று அவள் சொன்னதும் மருமகன் போன் பேச உள்ளே போய்விட்டார்.

இப்போது நம் வயதுக்காரர்களுக்கு. என் நண்பர் ஒருவர், 66 வயதில், பெட்ரோல் பங்க் வாசலில் சாய்ந்த வண்டியை நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெடுக்கென்று கையால் இழுத்தார். முதுகில் டிஸ்க் நகர்ந்தது, மூன்று மாதம் படுக்கை. வண்டியை விற்றுவிட்டார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் என்னைப் பார்த்தால் வண்டியைத்தான் முதலில் விசாரிக்கிறார். அவருக்காகத்தான் இந்த விவரங்களைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

விழுந்ததும் முதலில் நீங்கள் சரியாக இருக்கிறீர்களா என்று பாருங்கள். கை கால் நடுங்கும்போது தூக்க வேண்டாம். சாவியை அணையுங்கள், பெட்ரோல் குழாயை மூடுங்கள். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் சைலன்சர் அந்தப் பக்கம்தான், சூடாக இருக்கும், காலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். வலது பக்கம் விழுந்ததில் ஒரு சௌகரியமும் உண்டு. சைடு ஸ்டாண்டு மேலே தெரிகிறது. தூக்குவதற்கு முன்பே அதை இழுத்து விட்டுவிட்டால் வண்டி எழுந்து அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டில் நின்றுகொள்ளும். இடது பக்கம் விழுந்தால் அந்த வசதி இல்லை, நிமிர்த்திய பிறகு இடுப்பால் தாங்கிக்கொண்டு காலால் தேடித்தான் ஸ்டாண்டைப் போட வேண்டும். உருளாமல் இருக்க முடிந்தால் கியரில் விழச் செய்யுங்கள். ஹேண்டிலை விழுந்த பக்கமாகவே முழுக்கத் திருப்பினால் கீழ்ப் பிடி டேங்க் பக்கம் நெருங்கி வரும், அதைப் பிடிக்க வேண்டும். சரிவில் விழுந்து சக்கரம் மேட்டுப் பக்கம் இருந்தால் தூக்கவே முயலாதீர்கள். கிராஷ் கார்டை அச்சாக வைத்து வண்டியை இழுத்துத் திருப்பி, சக்கரத்தைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்த பிறகு தூக்கினால் பாதி வேலை குறையும். முதுகில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நாலு பேரைக் கூப்பிடுங்கள். அவர்களிடம் எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அது போதும்.

நின்ற வண்டியை உடனே உதைக்காதீர்கள். படுத்திருந்த நேரத்தில் கார்புரேட்டர் வழிந்திருக்கும். டிகம்ப்ரசர் உள்ள பழைய வண்டி என்றால் அதைப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி, பெட்ரோல் குழாயைத் திறக்காமலே ஏழெட்டு உதை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிறகு குழாயைத் திறந்து வழக்கம்போல் கிளப்பலாம். அதற்கு முன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி ஹேண்டில் நேராக இருக்கிறதா, பிரேக் மிதி வளைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. பக்கத்தில் டீக்கடை இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு இதையெல்லாம் செய்யலாம். எப்படியும் அந்தக் கடைக்காரர் கேட்பார், "எப்படி சார் தனியா தூக்கினீங்க?" என்று.